எழுத்தறியாத தகப்பன் என்று எழுதிய மகனுக்கு

தம்பி,

உன் தகப்பனுக்கு ஆங்கிலத்தில் ஒரு வரிகூட வாசிக்கத் தெரியாது என்று நீ எழுதினாய். பதினேழு வயதில், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும்போது அனுப்பும் உன்னைப் பற்றிய தாளில், உன்னை முன்பின் தெரியாத ஆட்கள் வாசித்து உன்னைத் தெரிவு செய்ய வேண்டும் என்பதற்காக அதை எழுதினாய். அது உண்மையல்ல. நீ அதை எழுதியபோது நான் ஆங்கிலம் வாசிக்கத் தொடங்கி இருபது வருடம் ஆகியிருந்தது. எழுதியது முதலாவது பிழை. பன்னிரண்டு வருடம் என்னிடம் சொல்லாமல் இருந்தது இரண்டாவது. அந்தத் தாளை உன் டியூசன் மாஸ்டரிடம் கொடுத்து, ஈஸ்ட் ஹாமிலும் குட்மேய்ஸிலும் இருக்கிற தமிழ்ப் பிள்ளைகளின் பைகளில் போட்டோகொப்பியாகத் திரியவிட்டது மூன்றாவது. மூன்றாவதுதான் என்னை இதைப் பத்திரிகையில் எழுத வைத்தது. உன் தாள் ஊரெல்லாம் போயிருக்கிறது. என் பதிலும் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் இந்தப் பத்திரிகையில் போகட்டும்.

தமிழில் எழுதுகிறேன். நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய் என்று தெரியும். பொறுமை இல்லாவிட்டால் யாரையாவது வாசித்துச் சொல்லச் சொல்வாய். ஆங்கிலத்தில் எழுத என்னால் முடியும். ஆனால் எழுதினால், இது யாரோ எனக்கு எழுதிக் கொடுத்தது என்று நினைக்க உனக்கு இடம் கிடைக்கும்.

எனக்கு இது எப்படித் தெரிய வந்தது என்று நீ கேட்கவில்லை. சொல்கிறேன். முழங்கால் மோசமாகி வேலையை விட்ட பிறகு காலையில் நூலகத்துக்குப் போவது என் வழக்கம். நம் ஆட்கள் சிலர் அங்கே கவுன்சில் கடிதம், பெனிபிட் என்ற உதவிப்பணப் படிவம், ஆஸ்பத்திரிக் கடிதம் என்று என்னிடம் கொண்டு வருவார்கள். நான் வாசித்து விளங்கப்படுத்துவேன். பெப்ரவரியில் ஒரு நாள் ஒரு தாய் வந்தார். அவருடைய மகள் இந்த ஒக்டோபரில் விண்ணப்பிக்கப் போகிறாள். மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஜனவரி வரை பொறுக்கலாம், பேர்போன அந்தப் பழைய இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் வைத்தியப் படிப்புக்கும் மட்டும் ஒக்டோபர் நடுப்பகுதிக்குள் போட்டுவிட வேண்டும் என்பதை எனக்குச் சொல்லத் தொடங்கினார். எனக்கு அது தெரியும் என்றேன். பிறகு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். மேலே, விண்ணப்பிக்கும் பாடம் சட்டம் என்று இருந்தது. பெயர் கறுப்பு மையால் அழிக்கப்பட்டிருந்தது.

“வாசிக்க எனக்கு விளங்குது அண்ணை. நான் பார்மசியிலை வேலை செய்யிறன். ஆனா இதிலை என்னத்தைக் கண்டு இந்தப் பெடியனை எடுத்தவங்கள் எண்டுதான் விளங்கேல்லை. மாஸ்டர் எல்லாப் பிள்ளையளுக்கும் இதைத்தான் குடுக்கிறார்.”

நான் வாசித்தேன். “எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் குடும்பத்தின் வாழ்க்கையைத் தீர்மானித்த கடிதத்தை என் தகப்பனுக்கு நான் வாசித்துக் காட்டினேன், அவருக்கு வாசிக்கத் தெரியாது” என்று தொடங்கியிருந்தது. மூன்றாவது வசனத்தில் நம் பழைய வீட்டுச் சமையலறையின் பச்சைக் கதிரை வந்தது. நீ ஏறி நின்று வாசித்த கதிரை. அதற்குப் பிறகு பெயர் எனக்குத் தேவைப்படவில்லை.

“பாவம் அந்தப் பெடியன். தகப்பன் ஒண்டும் தெரியாத ஆள். எப்பிடி முன்னுக்கு வந்திருக்கிறான் பாருங்கோ” என்றார் அவர். நான் ஓம் என்றேன். “எங்கடை வீட்டிலைதான் அப்பிடி ஒருத்தரும் இல்லை. இவளின்ரை தகப்பன் எக்கவுண்டன்ட். மாஸ்டர் சொல்லுறார், தாய்க்கு இங்கிலீஷ் தெரியாது எண்டாவது எழுதட்டாம். நான் நாள் முழுக்க வெள்ளைக்காரருக்கு மருந்து விளங்கப்படுத்துறன் அண்ணை, என்னைப் போய்!” என்று சிரித்தார். சிரித்துவிட்டு, “எழுதினால் பிழையோ?” என்று கேட்டார்.

நான் அந்தத் தாளை வசனம் வசனமாக அவருக்கு விளங்கப்படுத்தினேன். இந்த இடத்தில் வாசிப்பவருக்கு இரக்கம் வரும், இந்த இடத்தில் பெடியனின் கெட்டித்தனம் தெரியும், இங்கே சட்டம் படிக்க ஆசை வந்த காரணம் வருகிறது, ஒரு சொல்லும் வீணில்லை என்று சொன்னேன். நல்லாய் எழுதியிருக்கிறான் என்றும் சொன்னேன். அது உண்மைதான். அவருடைய கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: பிழை.

வீட்டுக்கு வந்து உனக்குப் போன் எடுத்தேன். வேலை நேரத்தில் நான் எடுப்பதில்லை. ஆகவே நீ பயந்துபோய்த்தான் பேசினாய். “என்னப்பா, சுகமில்லையோ?” என்றாய். தாளைப் பற்றிச் சொன்னேன். “அப்பா, அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின கதை. எல்லாரும் அப்பிடித்தான் எழுதுறவை” என்றாய்.

“எல்லாரும் தகப்பனுக்கு எழுத்துத் தெரியாது எண்டோ எழுதுறவை?”

“அப்பா, ப்ளீஸ். நான் ஒண்டு சொல்லட்டா? அந்த நேரம் நான்...”

“நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். எழுதினது காணும்” என்று போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீ மூன்று தடவை எடுத்தாய், நான் பேசவில்லை. பங்குனியில் நான் ஒரு தடவை எடுத்தேன், நீ பேசவில்லை. இப்போது ஆவணி. “அந்த நேரம் நான்” என்பதற்குப் பிறகு நீ என்ன சொல்ல வந்தாய் என்பது எனக்குத் தெரியாது. அதைத்தான் ஆறு மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் எப்படிப் படித்தேன் என்பதை நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முப்பது வயதில் இங்கே வந்து இறங்கியபோது ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியாகத் தெரியும், சேர்த்துத் தெரியாது. இல்ஃபர்டில் கார் நிறுத்தும் இடத்தில், வாசலில் இருந்த கண்ணாடிக் கூண்டில் வேலை கிடைத்தது. கார் வந்தால் தடுப்பைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். இடையில் மணித்தியாலக் கணக்காக வேலை இல்லை. ஆட்கள் விட்டுப்போன பத்திரிகைகளை எடுத்து வாசிக்கத் தொடங்கினேன். பழைய பொருள் கடையில் ஓர் அகராதி வாங்கினேன். அதில் முதல் எழுத்தின் பாதிப் பக்கங்கள் கிழிந்துபோயிருந்தன. அந்த எழுத்தில் தொடங்கும் சொற்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் எனக்குப் பொருள் தெரியாமலே இருந்தது. முதல் வருடம் ஒரு பத்தி வாசிக்க ஒரு ஷிப்ட் போகும். ஐந்தாவது வருடம் நூலகத்திலிருந்து கிழமைக்கு இரண்டு புத்தகம் எடுத்தேன். நிலக்கரிச் சுரங்கம், வாடகைச் சட்டம், கப்பல்கள், பிரெஞ்சுக்காரரின் புரட்சி, எது கையில் அகப்பட்டதோ அது. எனக்கு எதை வாசிக்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

ஆனால் அந்தச் சொற்களை நான் காதால் கேட்டதில்லை. கண்ணால் மட்டும் படித்த ஆங்கிலம். எழுத்தில் இருந்தபடியே வாயால் சொன்னேன், கார்க்காரர்கள் சிரித்தார்கள். அது பரவாயில்லை. உனக்கு ஏழு வயதில் உன் பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூப்பிட்டார்கள். உன் ஆசிரியை உன்னைப் பற்றி எழுதியிருந்த அறிக்கையை என் கையில் தந்தார். எனக்குப் பெருமையில் தலைகால் தெரியவில்லை. உரத்து வாசித்தேன். இரண்டாவது வரியில் உன் ஆசிரியை உதட்டைக் கடித்தார். நீ அந்தச் சின்னக் கதிரையில் இருந்தபடி முகத்தை என் கோட்டுக்குள் புதைத்து, “வாசிக்காதேங்கோ அப்பா” என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சிச் சொன்னாய். அன்றிலிருந்து உனக்கு முன்னால் நான் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வாசிக்கவில்லை. கடிதம் வந்தால் “நீ வாசி” என்பேன். உனக்கும் பழக்கமாகட்டும் என்று அம்மாவுக்குச் சொல்வேன். உண்மை அதுவல்ல. வெட்கம்.

விசாக் கடிதம் வந்த அன்றும் அப்படித்தான். தபால்காரரிடம் வாங்கி, வாசல் மிதியடியில் நின்றபடியே உறையைக் கிழித்து இரண்டு தரம் வாசித்துவிட்டேன். பதின்மூன்று வருடம் காத்திருந்த கடிதம். அம்மாவிடம் நான் சொல்லியிருக்கலாம். ஆனால் அது சரியான குரலில் வாசிக்கப்பட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இந்த நாட்டில் இருக்கலாம் என்ற செய்தியை இந்த நாட்டில் பிறந்த பிள்ளையின் வாயால் அம்மா கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் உன்னைக் கதிரையில் ஏற்றி, “நீ வாசி” என்றேன். நீ நிறுத்தி நிறுத்தி, வடிவாக வாசித்தாய். அம்மா அடுப்பை நிறுத்தாமலே அழுதாள், பருப்பு அடிப்பிடித்தது. நான் அந்த ஒவ்வொரு வசனமும் முன்கூட்டியே தெரிந்தவனாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். உன் தாளில் இருப்பது அதே காட்சிதான். பருப்பைக்கூட எழுதியிருக்கிறாய். ஆனால் உன் தாளில் நான் வேறு ஆள்.

இனி என் பக்கத்துப் பிழைகளைச் சொல்ல வேண்டும். அவற்றைச் சொல்வதால் உன்னுடையது குறையாது.

உனக்குப் பதினைந்து வயதிலிருந்து பதினேழு வரை நான் உன்னை மற்றப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்து நடைபாதை உனக்கு நினைவிருக்கும். பிள்ளைகள் உள்ளே இருப்பார்கள், பெற்றோர் வெளியே தேநீர்க் கோப்பையோடு நிற்போம். தகப்பன்மாருக்கு அங்கே வேறு பேச்சு இருக்கவில்லை. குட்மேய்ஸ் சிவபாலன், உன்னோடு படித்தவனின் தகப்பன், என்னைக் கண்டதும் கேட்பார்:

“என்னண்ணை, தம்பி முந்தியோ போடுறான், பிந்தியோ?”

“முந்தித்தான், ஒக்டோபருக்கு.”

“அப்ப என்ன வைச்சிருக்கிறான்? ஏ ஸ்டார் எல்லாரிட்டையும் கிடக்கு. மிச்சம் என்ன?”

சிவபாலனின் மகனிடம் மிச்சம் நிறைய இருந்தது. பதினொரு பாடத்திலும் எடுத்த ஏ ஸ்டார் பெறுபேற்றுக்கு மேலே பியானோவில் எட்டாம் தரம், மண்டபம் எடுத்து மிருதங்க அரங்கேற்றம், வயோதிபர் இல்லத்தில் தொண்டு, சதுரங்கக் கேடயம். எங்கே போடுகிறான் என்று கேட்டால் மட்டும் சிவபாலன் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன். ஒரே கல்லூரிக்கு, ஒரே பாடத்துக்கு நம் ஆட்கள் இரண்டு பேர் போட்டால் ஒருவனைத்தான் எடுப்பார்கள் என்று அந்த நடைபாதையில் எல்லாரும் நம்பினோம். அப்படி ஒரு சட்டமும் இல்லை. ஆனாலும் ஒக்டோபர் முடியும்வரை ஒருவருக்கொருவர் பொய்தான் சொல்லிக்கொண்டோம். “உங்கடை மகன் சட்டமோ?” என்று அவர் கேட்க, பொறியியல் என்று நான் சொன்னேன். தன் மகன் பொருளியல் என்று அவர் சொன்னார். இரண்டு பிள்ளைகளும் நேர்முகத்துக்கு ஒரே ரயிலில், ஒரே கல்லூரிக்கு, சட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இருவரையும் எடுத்தார்கள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நான் ஒட்டிய அட்டவணையையும் நீ மறந்திருக்க மாட்டாய். மேலே ஐந்து பிள்ளைகளின் பெயர், கீழே உன் பெயர். பக்கத்தில் பெறுபேறு, வாத்தியம், விளையாட்டு, தொண்டு, பரிசு. உன் வரிசையில் ஒன்பது ஏ ஸ்டாரும் இரண்டு ஏயும் இருந்தன. அதற்குப் பக்கத்தில் எல்லாம் வெறுமை. மிருதங்கத்தை இரண்டாம் வருடம் விட்டுவிட்டாய். நீந்தப் போக மாட்டேன் என்றாய். நீ செய்ததெல்லாம் கட்டிலில் குப்புறப் படுத்துப் புத்தகம் வாசித்ததுதான். அதை எழுதட்டா என்று ஒரு நாள் நீயே அட்டவணைக்கு முன்னால் நின்று பேனாவோடு கேட்டாய்.

“வாசிப்பை ஆர் கணக்கெடுக்கப்போறான்? வாசிக்கிறதுக்கு ஆரும் கேடயம் குடுக்கிறானோ?” என்றேன். நீ பேனாவை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனாய். கிழிந்த அகராதியோடு கண்ணாடிக் கூண்டில் இருந்து படித்தவன் தன் பிள்ளைக்குச் சொன்ன வார்த்தை அது. என் வாழ்க்கையில் நான் சொன்னதில் இதைவிட மோசமானது எனக்கு நினைவில்லை.

அடுத்தது அந்த நற்சான்றிதழ். தமிழ்ப் பள்ளிக்கூட அதிபர் எனக்குப் பழக்கம். அவரிடம் போய், நீ சின்ன வகுப்புகளுக்கு இரண்டு வருடம் தமிழ் சொல்லிக்கொடுத்தாய் என்று ஒரு கடிதம் வாங்கி வந்தேன். நீ அங்கே நான்கு சனிக்கிழமை இடைவேளையில் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்தாய், அவ்வளவுதான். கடிதத்தை வாசித்துவிட்டு நீ என்னைப் பார்த்தாய்.

“அப்பா, நான் பிஸ்கட் மட்டும்தானே குடுத்தனான்?”

“அதுவும் தொண்டுதான்.”

“எனக்கே தமிழ் வடிவா வாசிக்க ஏலாது. இதிலை படிப்பிச்சது எண்டு கிடக்கு.”

“கிடக்கட்டும். ஆர் வந்து கேக்கப்போறாங்கள்?”

இதைச் சொன்ன நான் யார் தெரியுமா? விசா வழக்கில், என் தம்பியைச் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்று மொழிபெயர்க்க வந்தவர் சொன்னார். தம்பி உயிரோடு இருந்தான். சேர்க்க முடியாது என்றேன். பதின்மூன்று வருடம் போயிற்று. இடையில் அம்மாவின் தகப்பன் செத்துப்போனார். பத்திரம் இல்லாததால் அம்மாவால் செத்தவீட்டுக்குப் போக முடியவில்லை. அவள் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை. அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. என் உயிருக்கும் அம்மாவின் கண்ணீருக்கும் எழுத மறுத்த பொய்யை, சிவபாலனின் மகனுக்குப் பக்கத்தில் உன் வரிசை வெறுமையாக இருக்கிறதே என்பதற்காக எழுதுவித்தேன். உன் தாளில் அதுவும் இருக்கிறது. கடைசிக்கு முந்திய பத்தி. ஒரு பக்கத்தில் இரண்டு பொய்கள். ஒன்றை நான் தந்தேன், மற்றதை நீ போட்டாய். வெறுமையை எப்படியாவது நிரப்ப வேண்டும் என்று உனக்குப் படிப்பித்தது நான்தான். அதனால் என்னிடம் இருந்ததிலேயே உனக்கு உதவக்கூடியதாக என்னுடைய குறையை நீ எடுத்துக்கொண்டாய். அந்தக் குறை என்னிடம் இல்லாதது என்பதுதான் வழக்கு.

இதில் நான் ஓர் இடத்தைத் தாண்ட முடியாமல் நிற்கிறேன். நீ தெரிந்துகொண்டு எழுதினாயா, நம்பி எழுதினாயா? முதலில் பொய் என்றுதான் நினைத்தேன். கோபப்படுவதற்கு அது வசதியாக இருந்தது. பிறகு எண்ணிப் பார்த்தேன். ஏழு வயதிலிருந்து உனக்கு முன்னால் நான் வாசித்ததில்லை. என் நூலகப் புத்தகங்கள் எல்லாம் கூண்டின் மேசை லாச்சிக்குள் பூட்டி இருந்தன, வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. நீ பள்ளிக்கூடம் போன பிறகு உன் மேசையிலிருந்த புத்தகத்தை எடுத்துப்போய் வேலையில் வாசிப்பேன். நீ வைத்த அடையாளத்தை அதே பக்கத்தில் வைத்து, நீ திரும்பி வர முன் மேசையில் வைத்துவிடுவேன். நீ எந்தப் பக்கத்தில் நிற்கிறாய் என்று எனக்குத் தெரியும். சில புத்தகங்களில் உனக்கு முதலே நான் முடிவுக்குப் போய்விடுவேன். இனி இவன் அந்த இடத்தை வாசிக்கப் போகிறான், என்ன சொல்வான் என்று சாப்பாட்டு மேசையில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டதில்லை. ஒரே கூரையின் கீழ், ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் வாசித்தோம், ஒரு சொல் கதைக்கவில்லை. ஆகவே நீ நம்பியே எழுதியிருக்கலாம். உண்மையில் அதுதான் எனக்குக் கூடுதலாக வலிக்கிறது. பொய் சொன்ன மகனுக்குத் தன் தகப்பன் யார் என்றாவது தெரிந்திருக்கும்.

அம்மா இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். நான் வாசிக்கிறவன் என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும். உடுப்புத் தோய்க்கும்போது என் கால்சட்டைப் பையிலிருந்து சொற்கள் எழுதிய துண்டுகளை எடுத்து ஜன்னலில் அடுக்கி வைப்பாள். அவள் உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்க இப்போது ஆளில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் வானொலியைத் தவிர வேறு குரல் கிடையாது. நூலகம் மூடும் ஞாயிற்றுக்கிழமைகளில் சில வேளை யாரோடும் ஒரு சொல் பேசாமல் படுக்கப் போகிறேன். முன்பு ஞாயிறு பதினொரு மணிக்கு உன் போன் வரும். அந்த நேரத்துக்கு இப்போதும் மேசைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். எடுக்கச் சொல்லி இதைச் சொல்லவில்லை. நீ டூட்டிங்கிலும் நான் குட்மேய்ஸிலும் இருந்துகொண்டு, இரண்டு ரயில் மாறினால் வந்துவிடலாம் என்ற தூரத்தில், போனில் இதைத் தீர்க்க முடியாது. போனில் நான் எப்படி என்று எனக்கே தெரிந்துவிட்டது.

போன கிழமை இங்கே மரக்கறிக் கடைக் கதவில் உன் படத்தைக் கண்டேன். செப்டெம்பரில் மாஸ்டர் நடத்தும் பெற்றோர் கூட்டத்தில், ஒக்டோபருக்கு முந்தி விண்ணப்பிக்கும் பிள்ளைகளுக்கு நீ பேசப்போகிறாய் என்று போட்டிருந்தது. உன் விண்ணப்பத்தையே உதாரணமாக வைத்து விளக்குவாயாம். விண்ணப்பத்தோடு எழுதும் அந்தத் தாளை இப்போது மூன்று கேள்விகளாகப் பிரித்துவிட்டார்கள் என்று அறிகிறேன். ஆனாலும் மாஸ்டருக்கு உன் தாள்தான் வேண்டியிருக்கிறது. கடைக்காரர், “உங்கடை மகன்தானே அண்ணை, கூட்டத்துக்குப் போவியள்தானே?” என்று கேட்டார். பார்ப்போம் என்றேன். அந்த மண்டபத்தில் அந்தத் தாள் இன்னொரு தரம் வாசிக்கப்பட்டால், அந்தப் பார்மசித் தாய் ஆங்கிலம் தெரியாதவர் ஆகிவிடுவார். அடுத்த வருடம் இன்னொரு தாய். பிள்ளைகள் தங்கள் வெறுமையை மறைக்கத் தாய் தகப்பனின் வாயை மூடிவிட்டுப் போவார்கள்.

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாஸ்டர் தான் கொடுத்த தாள்களைத் திருப்பி வாங்க வேண்டும். வாங்க முடியாதவற்றுக்கு, அதிலுள்ள இரண்டு விஷயங்கள் உண்மையல்ல என்று பெற்றோருக்கு எழுதி அனுப்ப வேண்டும். பிள்ளைகளுக்கு இல்லாத குறையைத் தேடிக் கொடுப்பதை அவர் நிறுத்த வேண்டும். பார்மசித் தாய் தன் மகளை, அம்மா நாள் முழுக்க மருந்து விளங்கப்படுத்துகிறார் என்று எழுத விட வேண்டும்; அதில் எழுத எவ்வளவோ இருக்கிறது. சிவபாலனும் நானும் நடைபாதையில் சொன்ன பொய்களை அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்ல வேண்டும். நான் அவரோடு கதைத்துவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்கிறார், நான் தனியாகவென்றாலும் சொல்வேன். தமிழ்ப் பள்ளிக்கூட நற்சான்றிதழ் பொய் என்று அதிபருக்கு நான் எழுத வேண்டும். எழுதிவிட்டேன், நேற்றுத் தபாலில் போட்டேன்.

நீ இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, அந்த மேடையில் உன் தாளை வாசிக்க முன், என் தகப்பனுக்கு வாசிக்கத் தெரியும் என்று சொல்ல வேண்டும். மன்னிப்பு வேண்டாம், விளக்கம் வேண்டாம், அந்த ஒரு வசனம் போதும். மற்றது கூட்டத்துக்கு முன்னால் செய்ய வேண்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, அன்றைக்குப் போனில் நீ சொல்லத் தொடங்கியதை முழுதாகச் சொல்ல வேண்டும். தெரிந்து எழுதினாய் என்றாலும் சொல், நம்பி எழுதினாய் என்றாலும் சொல். நீ சொல்லி முடிக்கும்வரை நான் குறுக்கே பேசாமல் இருக்க வேண்டும். எனக்கு அது பழக்கமில்லை. இருப்பேன்.

அப்பா